இரண்டு போல்ட்டுகளின் மேல் ஒரு கார்

1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் நல்ல டயர்களோடு, உலர்ந்த தார்ச்சாலையில் வேகமாக வருகிறது. ஓட்டுநர் பிரேக்கை முழு வலுவோடு அழுத்துகிறார். நல்ல டயர் ஒன்று தன் மேல் இருக்கும் எடைக்கு ஏறத்தாழச் சமமான விசையைச் சாலையிலிருந்து பெற்றுத் தரும். ஆகவே காரைப் பின்னுக்கு இழுக்கும் மொத்த விசை சுமார் 13,700 நியூட்டன். பிரேக் பிடித்ததும் வண்டியின் மூக்கு குனிகிறது, எடை முன்பக்கம் ஏறுகிறது, நான்கில் மூன்று பங்கு வேலை முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. ஒரு முன் சக்கரத்தின் பங்கு 5,150 நியூட்டன்.

இந்த விசை டயரின் விளிம்பில், அச்சிலிருந்து 31.5 சென்டிமீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. ஆனால் பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்வுவது அச்சுக்கு மிக அருகில், சுமார் 12 சென்டிமீட்டரில். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. தொலைவு குறைந்தால் விசை கூட வேண்டும். கணக்குப் போட்டால் பேட்டுகள் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் விசை 13,600 நியூட்டன் என்று வருகிறது. கிலோவில் சொன்னால் கிட்டத்தட்ட 1,390 கிலோ எடை. முழுக் காரின் எடையும் ஒரு சக்கரத்தின் பேட்டுகளில் வந்து நிற்கிறது.

விசை அங்கேயே தங்கிவிடாது. சுழலும் டிஸ்க் பேட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. பேட்டைப் போகவிடாமல் பிடித்திருப்பது பிராக்கெட் என்ற இரும்புத் துண்டு. அந்தப் பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடு இணைத்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். காரை நிறுத்தும் விசை கடந்துதான் ஆக வேண்டிய மிகக் குறுகிய பாலம் இது.

பிரேக்கைப் பெரிதாக்க விரும்புகிறவர்கள் முதலில் டிஸ்க்கின் விட்டத்தைப் பேசுவார்கள். அப்புறம் பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில் எத்தனை பிஸ்டன், அது சிவப்பா மஞ்சளா என்று பேசுவார்கள். பிராக்கெட் கடைசியில், பெட்டியோடு கூட வரும் உதிரியாக எண்ணப்படும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை அது தீர்மானிக்கட்டும்.

டிஸ்க் பிரேக் பழைய எண்ணம். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் கார்கள் பெரும்பாலும் டிரம் பிரேக்கோடுதான் ஓடின. 1953-ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் நிலைமை மாறியது. அந்தக் காரில் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்குகள் இருந்தன. அந்தப் பந்தயத்தில் முதன்முறையாக வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. மற்ற கார்கள் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஒவ்வொரு சுற்றிலும் தாமதமாகவே பிடித்தது. இரவு முழுக்க ஓடிய பின்னும் அப்படியே பிடித்தது. டிரம்முக்குள் வெப்பம் அடைபட்டுக் கிடக்கும், டிஸ்க்கிலோ அது காற்றில் கலந்துவிடும். வெற்றிக்குக் காரணம் அதுதான்.

பெரிய பிரேக் எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பெரிய டிஸ்க் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். முதல்முறை பிரேக் பிடிக்கும்போது அப்படி நடப்பதில்லை. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானம். எந்த நல்ல காரிலும் தொழிற்சாலையில் பொருத்திய பிரேக்கே டயரைப் பூட்டும் அளவுக்கு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வலுவுள்ளது. அதற்கு மேல் பிரேக்கில் எவ்வளவு வலு சேர்த்தாலும் டயர் கூடுதலாக எதையும் தரப்போவதில்லை. நிறுத்தும் தூரத்தைக் குறைக்க நினைப்பவர் டயருக்குச் செலவு செய்ய வேண்டும்.

பெரிய பிரேக்கின் பயன் ஐந்தாவது, பத்தாவது முறை பிடிக்கும்போது தெரியும். மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடும் அதே 1,400 கிலோ காரின் இயக்க ஆற்றல் 21 லட்சம் ஜூலுக்கு மேல். நின்றால் அத்தனையும் வெப்பமாகும். அதில் முன் டிஸ்க் ஒன்றின் பங்கு சுமார் 8 லட்சம் ஜூல். 7 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அதை வாங்கிக்கொண்டால் அதன் வெப்பநிலை ஒரே தடவையில் ஏறத்தாழ 240 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டால்?

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப பாதையில் அடுத்த வளைவு உடனே வந்துவிடும். 20.8 கிலோமீட்டர் சுற்று. உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 300 மீட்டர். கட்டணம் செலுத்திவிட்டுச் சொந்தக் காரை யார் வேண்டுமானாலும் ஓட்டிச் செல்லலாம். கார் கீழே இறங்கும்போது உயரத்தின் ஆற்றலையும் சேர்த்துப் பிரேக்தான் விழுங்க வேண்டும். பாதி வழியில் பேட் உராய்வை இழக்கும். பிரேக் திரவம் சூடேறும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கலாம். கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. பெரிய, எடை கூடிய டிஸ்க் அதே வெப்பத்தைக் குறைந்த வெப்பநிலை உயர்வில் ஏற்றுக்கொள்ளும். அதன் பரப்பும் கூடுதல், விரைவில் ஆறும். இதற்காகத்தான் மாற்றுகிறோம்.

நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம். 1997-இல் வந்த இந்தக் கார், ஆடி ஏ3, ஆடி டிடி, சீயட் லியோன், முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆகியவற்றோடு ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய அந்த ஆக்டேவியா கோல்ஃபுக்கு உடன்பிறப்பு. 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட கோல்ஃப் ஜிடிஐ கார்களில் பரவலாக 288 மில்லிமீட்டர் டிஸ்க் இருந்தது. ஆடி டிடியில் 312. கோல்ஃப் ஆர்32-இல் 334.

288, 312 இரண்டின் தடிமனும் 25 மில்லிமீட்டர்தான். 54 மில்லிமீட்டர் பிஸ்டன் கொண்ட அதே காலிப்பர் இரண்டுக்கும் பொருந்தும். மாறுவது பிராக்கெட் மட்டும். நக்கிளில் மாட்டும் துளைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். காலிப்பரைத் தாங்கும் இடம் மட்டும் 12 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கும். காலிப்பரைக் கழற்றி, பழைய பிராக்கெட்டை எடுத்துவிட்டு டிடியின் பிராக்கெட்டையும் டிஸ்க்கையும் போட்டு, அதே காலிப்பரை மீண்டும் மாட்டினால் வேலை முடிந்தது. பிரேக் குழாயைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. பேட் கவ்வும் ஆரம் 119-லிருந்து 131 மில்லிமீட்டராகிறது. அதே பெடல் அழுத்தத்தில் பத்து விழுக்காடு கூடுதல் திருப்புவிசை கிடைக்கிறது. டயர் தரும் அதே உச்ச விசைக்குப் பிராக்கெட் தாங்க வேண்டிய விசையோ 13,600-லிருந்து சுமார் 12,400 நியூட்டனாகக் குறைகிறது. டிஸ்க் பெரிதானால் பிராக்கெட்டின் சுமை இறங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆரம் கூடினால் விசை குறையத்தானே வேண்டும்.

என் பார்வையில் பிரேக் மாற்றங்களிலேயே மிக நேர்த்தியானது இதுதான். அந்தப் பிராக்கெட்டைத் தொழிற்சாலையே வார்த்திருக்கிறது. உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்பு. இதே குடும்பத்தைச் சேர்ந்த கார்களில் எண்ணற்ற முறை பிரேக் பிடித்துத் தேறியது. அதன் வளைவுகள் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலியலாம் என்பதை ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதனை மேடையில் பார்த்துத் தீர்மானித்திருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு ஈடானதை எந்தத் தனிப் பட்டறையாலும் செய்ய முடியாது.

சிக்கல் தொடங்குவது அடுத்த படியில். வேறொரு காரின் நான்கு பிஸ்டன் காலிப்பரை மாட்ட ஆசை வருகிறது. அதன் போல்ட் துளைகளின் இடைவெளி வேறு. நம் நக்கிளில் போல்ட்டுகள் அச்சுக்கு இணையாகச் செல்கின்றன. அந்தக் காலிப்பரின் போல்ட்டுகளோ சக்கரத்தின் மையத்தை நோக்கிச் செல்கின்றன. இரண்டையும் இணைக்க நடுவில் ஓர் இடைப் பிராக்கெட் வேண்டும். பெரும்பாலும் அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்திருப்பார்கள். முன்பு சக்கரத்துக்கு இரண்டு போல்ட் இருந்த இடத்தில் இப்போது நான்கு. நக்கிளுக்கும் பிராக்கெட்டுக்கும் ஒரு மூட்டு, பிராக்கெட்டுக்கும் காலிப்பருக்கும் இன்னொரு மூட்டு. ஒவ்வொரு மூட்டும் நழுவக்கூடிய ஓர் இடம்.

மூட்டு எப்படி விசையைத் தாங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துளைக்குள் நுழைந்திருக்கும் போல்ட், ஆணி மாதிரி குறுக்கே நின்று சுமையைத் தாங்குகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சரியாக முறுக்கிய மூட்டில் போல்ட் அந்த வேலையைச் செய்வதே இல்லை. 10.9 தரமுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டை 120, 125 நியூட்டன்-மீட்டர் வரை முறுக்கும்போது அது மிகக் கொஞ்சம் நீள்கிறது. நீண்ட போல்ட் மீண்டும் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு இரண்டு உலோக முகங்களையும் சுமார் 50,000 நியூட்டன் விசையோடு நெரிக்கும். இரண்டு போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்தால், 15,000 நியூட்டன் வரை முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவாது. பிரேக்கின் சுமையைத் தாங்குவது இந்த உராய்வுதான்.

15,000-ஐயும் நாம் முதலில் கண்ட 13,600-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி அதிகமில்லை. போல்ட்டைப் பாதி அளவே முறுக்கினால் பிடிப்பு 7,500-ஆக விழும், முகங்கள் நழுவும். போல்ட் உடனே அறுந்துவிடாது. குறுக்கே வெட்டுவதற்கு இன்னும் பெரிய விசை வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிரேக்கிலும் பிராக்கெட் இம்மியளவு முன்னே போய்ப் பின்னே வரும். 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டைக் கழல வைப்பதில் நீளவாக்கு அதிர்வைக் காட்டிலும் இப்படிக் குறுக்காக நழுவும் அசைவே கொடியது. நழுவும் ஒவ்வொரு முறையும் இழையின் பிடிப்பு ஒரு கணம் இல்லாமல் போகிறது. போல்ட் மயிரிழை அளவு தானாகத் திரும்புகிறது. போல்ட் கழலும் முன்பே உலோகச் சோர்வினால் அதில் விரிசலும் விழலாம்.

போல்ட் எவ்வளவு நீள்கிறது? 30 மில்லிமீட்டர் தடிமனை நெரிக்கும் போல்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நீள்வதில்லை, 0.09 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரின் எடையைத் தாங்கும் பிடிப்பு முழுதும் இந்த நீட்சியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இப்போது அழகுக்காகப் பவுடர் கோட்டிங் பூசிய ஒரு பிராக்கெட்டைக் கற்பனை செய்யுங்கள். பூச்சின் தடிமன் 0.06-லிருந்து 0.1 மில்லிமீட்டர். சூடு ஏறியதும் அந்தப் பிளாஸ்டிக் படலம் நசுங்கிப் பிதுங்கும். அது 0.03 மில்லிமீட்டர் நசுங்கினாலே போல்ட்டின் நீட்சியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பிடிப்பும் அதே அளவு போகும். ஆகவே மூட்டு முகங்களில் பூச்சு கூடாது. துரு, மண், கிரீஸ் எதுவும் கூடாது. பிராக்கெட் வாங்கும்போது அதன் பொருந்து முகம் வெற்று உலோகமாக, அல்லது மெல்லிய அனோடைஸ் படலத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முகத்திலும் வண்ணம் அடித்து விற்பவருக்கு மூட்டின் இயல்பு புரியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இடைப் பிராக்கெட் காலிப்பரை வெளியே தள்ளுவதால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. விசை செயல்படும் கோடு போல்ட்டுகளை விட்டு விலகிப்போகிறது. 25 மில்லிமீட்டர் விலகினால் 340 நியூட்டன்-மீட்டர் முறுக்கு கூடுதலாக வருகிறது. போல்ட்டுகளுக்கு இடையே 130 மில்லிமீட்டர் இருந்தால் ஒவ்வொன்றின் மீதும் மேலும் 2,600 நியூட்டன் ஏறும். ஏற்கெனவே இடைவெளி குறைவாக இருந்த கணக்கில் இது சிறிய தொகையில்லை. டிஸ்க் உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ தள்ளி உட்கார்ந்தால் பிராக்கெட் பக்கவாட்டிலும் முறுக்கப்படும். ஆகவே காலிப்பரை எவ்வளவு குறைவாக நகர்த்தினால் வேலை நடக்கும் என்று பார்த்து டிஸ்க்கைத் தேர்வு செய்வதே நல்லது. கிடைக்கும் மிகப் பெரிய டிஸ்க்கை வாங்கிவிட்டு அதற்கேற்பப் பிராக்கெட்டை நீட்டுவது வேலையைத் தலைகீழாகச் செய்வதாகும்.

எந்த உலோகம்? எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு. எந்த அலுமினியக் கலவையை எடுத்தாலும் இது பெரிதாக மாறாது. 6061 கலவைக்கும் அதைவிட இருமடங்கு வலுவுள்ள 7075 கலவைக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தட்டின் தடிமனைக் கூட்டினால் வளையாத் தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 மில்லிமீட்டர் எஃகுத் தட்டின் விறைப்பை 14.4 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு கொடுத்துவிடும், எடையோ பாதி. இதனால்தான் நல்ல அலுமினியப் பிராக்கெட்டுகள் கொழுத்துத் தடித்து இருக்கின்றன. எஃகுப் பிராக்கெட் அளவுக்கே மெலிந்த அலுமினியப் பிராக்கெட்டைக் கண்டால் விலகிப் போங்கள். பிராக்கெட் வளைந்தால் பேட் டிஸ்க்கின் மேல் ஒரு பக்கமாகச் சாயும், ஆப்பு வடிவில் தேயும், பெடல் பஞ்சு மாதிரி ஆகும்.

அலுமினியத்துக்கு இன்னும் சில பலவீனங்கள் உண்டு. பதப்படுத்திப் பெற்ற அதன் வலிமை 150 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் மெல்லக் கரையும். எஃகு போல்ட்டைவிட இருமடங்கு விரிவதால், சூடாகும்போது போல்ட் தலைக்கு அடியில் உள்ள உலோகம் நசுங்கிப்போகலாம். ஆறியதும் பிடிப்பு தளரும். அகலமான, கடினப்படுத்திய வாஷர் போடுவது இதற்காகத்தான். அலுமினியத்தில் நேராக வெட்டிய இழை நாலு முறை கழற்றி மாட்டினால் உரிந்துவிடும். இழைக்குள் எஃகுச் சுருள் பதித்திருக்கிறதா, அல்லது காலிப்பரை மாட்ட ஸ்டட் பொருத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இரும்பு நக்கிளும் அலுமினியப் பிராக்கெட்டும் தொடும் இடத்தில் அரிப்பு வரும். கடலோர ஊர்களில் நமக்கும் அதே கதைதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது உலோகச் சோர்வை. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட சுமையை எத்தனை கோடி முறை ஏற்றினாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சின்னச் சுமைகூட முறைகள் கூடக் கூட வேலையைக் காட்டும். விரிசல் எப்போதும் கூரான உள்மூலையில், சொரசொரப்பாக வெட்டிய ஓரத்தில், விளிம்புக்கு மிக நெருங்கிய துளையில் பிறக்கும். ஆகவே பிராக்கெட்டைக் கையில் வாங்கியதும் உள்மூலைகளைத் தடவிப் பாருங்கள். வளைவாக இருக்க வேண்டும். துளையின் மையத்திலிருந்து விளிம்பு வரை போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உலோகம் இருக்க வேண்டும். பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று துளையை நீளமாக வெட்டிய பிராக்கெட் எந்த விலைக்கும் வேண்டாம். நீள்துளையில் போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் முகம் குறைவு. நழுவத் தொடங்கினால் தடுக்கச் சுவரும் இல்லை. பற்றவைத்து ஒட்டிய பிராக்கெட்டும் வேண்டாம். பற்றின் ஓரம் விரிசலுக்குப் பிறந்த வீடு.

அளவுகளுக்கு வருவோம். பேட்டின் மேல் விளிம்பு டிஸ்க்கின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிற்க வேண்டும். பிராக்கெட் உயரம் கூடிப்போனால் பேட்டின் ஒரு கீற்று டிஸ்க்குக்கு வெளியே தொங்கும். அது தேயாது, மற்ற பகுதி தேயத் தேய அங்கே ஒரு படிக்கட்டு உருவாகும். கடைசியில் இரண்டு பேட்டின் படிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பேட் டிஸ்க்கை அழுத்தாமல் தடுத்துவிடும். உயரம் குறைந்தாலோ டிஸ்க்கின் வெளிவளையம் பயன்படாமல் துருப்பிடிக்கும், கொடுத்த பணத்துக்குக் கிடைத்த ஆரமும் வீண்.

டிஸ்க்கின் நடுக்கோட்டில் காலிப்பர் உட்கார வேண்டும் என்பது அடுத்தது. ஊசிகளின் மேல் நகரும் காலிப்பர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். இரு புறமும் பிஸ்டன் உள்ள நிலைத்த காலிப்பருக்கு அந்த வசதியில்லை. கால் மில்லிமீட்டர் அளவிலேயே மையம் பிடிக்க முயல வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கென மெல்லிய ஷிம்களைப் பிராக்கெட்டோடு தருகிறார்கள். பொருத்தும்போது பேட் இல்லாமல் காலிப்பரை மாட்டி, டிஸ்க்குக்கும் காலிப்பர் உடலுக்கும் இடையே இரு பக்கமும் மேலும் கீழும் நான்கு இடங்களில் அளந்தால் மையமும் தெரியும், சாய்வும் தெரியும். மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் வந்தால் பிராக்கெட்டின் முகம் சரியாகக் கடையப்படவில்லை, அல்லது நக்கிளில் துரு இருக்கிறது. துருவை நீக்கியும் சரியாகவில்லை என்றால் பிராக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள். அரம் வைத்து ராவிச் சரிசெய்யும் வேலை இதில் உதவாது.

சக்கரத்துக்குள் இடம் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். பெரிய பிரேக் தயாரிப்பாளர்கள் காலிப்பரின் பக்கத்தோற்றத்தை உண்மை அளவில் வரைந்து தருகிறார்கள். அதை அட்டையில் வெட்டிச் சக்கரத்துக்குள் சுழற்றிப் பார்த்தால் ஆரைக்கம்பியில் இடிக்குமா என்று தெரிந்துவிடும். கோல்ஃபில் 312 டிஸ்க் 16 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும். 334 டிஸ்க்கோடு வந்த ஆர்32-க்குத் தொழிற்சாலையே 18 அங்குலச் சக்கரம் கொடுத்தது.

பிராக்கெட் நல்லதாக இருந்து, அது தாங்கும் காலிப்பர் தவறானதாகவும் இருக்கலாம். பெடலிலிருந்து வரும் திரவத்தின் அளவு மாறாது. பிஸ்டனின் பரப்பு கூடினால் பெடல் ஆழமாகப் போகும். ஒப்பிடும்போது நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் எண்ண வேண்டும். 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு 2,290 சதுர மில்லிமீட்டர். 36, 40 என்று இரண்டு பிஸ்டன் ஒரு பக்கம் இருந்தால் அவற்றின் பரப்பு 2,275. கிட்டத்தட்ட ஒன்றே, எனவே பெடலின் உணர்வு மாறாது. இதைவிட வெகுவாகப் பெரிய காலிப்பரைப் போட்டால் முன் பிரேக் மட்டும் வலுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமன் கெடும். பிரேக் வலுவின் பங்கீடு முன்னுக்கு 70, பின்னுக்கு 30 என்றிருந்தால், 312 டிஸ்க் மாற்றத்திலேயே அது 72-க்கு 28 ஆகிவிடுகிறது. இந்த அளவை ஏபிஎஸ் சமாளிக்கும். இன்னும் மிஞ்சினால் முன் டயர் சீக்கிரம் பூட்ட முயலும், பின் டயரின் பிடிமானம் பயன்படாமல் கிடக்கும். பெரிய பிரேக் போட்ட கார் முன்பைவிடத் தள்ளி நிற்கும்.

ஜெர்மனியில் இந்த மாற்றத்தை யாரும் தன் விருப்பப்படி செய்துவிட்டுச் சாலைக்கு வர முடியாது. பாகத்தோடு சோதனை அறிக்கை வேண்டும். பொருத்திய பிறகு டியுஃப் போன்ற அமைப்பின் ஆய்வாளர் காரைப் பார்த்து ஆவணத்தில் பதிய வேண்டும். இல்லையென்றால் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். 1865-இல் மன்ஹைம் நகரத்து மதுவடிசாலையில் ஒரு நீராவிக் கொதிகலன் வெடித்ததைத் தொடர்ந்து, கொதிகலன்களை ஆய்வு செய்ய மறு ஆண்டு ஒரு சங்கம் அமைந்தது. அந்த மரபில் வளர்ந்ததுதான் டியுஃப். கொதிகலனின் ரிவெட்டைப் பார்த்த அதே கண் இன்று பிரேக் பிராக்கெட்டின் போல்ட்டைப் பார்க்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் பிராக்கெட் ஒன்றைச் சோதனை மேடையில் ஏற்றிப் பார்த்து அறிக்கை தரும் பழக்கம் இங்கே வாங்குபவரிடமும் இல்லை, விற்பவரிடமும் இல்லை. அது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதுவரை வாங்குபவரே ஆய்வாளராக இருக்க வேண்டியதுதான். உங்கள் காரின் குடும்பத்தில் பெரிய டிஸ்க்கோடு வந்த வேறொரு மாடல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதன் பிராக்கெட்டே போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இல்லாதபோது விற்பவரிடம் கலவையின் பெயர், போல்ட்டின் தரம், முறுக்க வேண்டிய அளவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். பொருத்தும்போது புது போல்ட், சுத்தமான முகம், அளவு சரிபார்த்த டார்க் ரெஞ்ச். முறுக்கி முடித்ததும் போல்ட் தலையையும் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும், டிராக்கில் ஓட்டிய ஒவ்வொரு நாளின் முடிவிலும் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.